தூரநோக்குப் பலகை

எங்கள் பாடசாலை அதிபரின் கந்தோரில், அவருடைய கதிரைக்குப் பின்னால், பச்சை நிறப் பலகையொன்று தொங்குகிறது. மேலே 'எமது தூரநோக்கு' என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே 'பணிக்கூற்று'. நாட்டில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் இப்படியொரு பலகை கண்ணில் படும். ஆகவே எங்கள் பலகையில் விசேடம் எதுவுமில்லை. அந்த வசனத்தை எழுதியவன் நான் என்பதால் மட்டும் அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

2016ஆம் ஆண்டு, ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டத்தைத் திருத்தி ஒரு கிழமைக்குள் ஒப்படைக்கும்படி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பாடசாலையில் திட்டமிடல் பொறுப்பு என்னுடையது. திட்டத்தின் முதலாம் பக்கத்தில் தூரநோக்கு இருக்கவேண்டும் என்பது விதி. அயலூர்ப் பாடசாலைகள் மூன்றின் பலகைகளைப் பார்த்து, ஒன்றிலிருந்து தலையையும் மற்றொன்றிலிருந்து வாலையும் எடுத்து, 'அறிவும் ஆற்றலும் ஒழுக்கமும் மிக்க, நாளைய உலகின் சவால்களுக்கு முகங்கொடுக்கக்கூடிய நற்பிரஜைகளை உருவாக்குதல்' என்று ஒரு வசனத்தைச் சேர்த்தேன். கால்மணி நேரம்கூடச் செல்லவில்லை. பலகை எழுத வந்த பெயின்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சேர், இந்த வசனத்த இந்த வருசம் நான் ஆறாவது தடவ எழுதுறன். நீங்க பள்ளிக்கூடத்துட பேர மட்டும் தாங்க. மத்தது எனக்குப் பாடம்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது வருவதில்லை.

தலைமைத்துவமும் தூரநோக்கும் எனக்குப் புதிய விடயங்களல்ல. 2002, 2003ஆம் ஆண்டுகளில் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிலுனராக இருந்தபோது, முகாமைத்துவப் பாடத்தில் தலைமைத்துவ வகைகளையெல்லாம் பாடமாக்கினோம். 'சிறந்த தலைவனுக்குத் தூரநோக்கு ஏன் அவசியம்?' என்றொரு வினாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். நல்ல புள்ளியும் கிடைத்தது. அந்த நான்கு பக்கத்திலும் எங்கள் பெரிய சேரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பரீட்சைத் தாளில் எழுதும் தலைவர்கள் வேறு, ஊரில் சைக்கிள் மிதித்துக்கொண்டு திரிந்த மனிதர் வேறு என்றுதான் நினைத்திருக்கிறேன். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் பலருக்கு இந்த வியாதி உண்டு.

பெரிய சேர் என்பது ஊர் வைத்த பெயர். என்னுடைய காலத்தில் எங்கள் பாடசாலையின் அதிபர் அவர். மேடையில் பேச வராது. பரிசளிப்பு விழாவில் இரண்டு வசனம் சொல்லிவிட்டு, மூன்றாவதைத் தேடிக்கொண்டு நிற்பார். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவருடைய பிரம்பின் தழும்பு என் தலைமுறைக்காரர் பலரிடம் இருக்கிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும். நல்லவர்களைப் பற்றி எழுதும்போது அவர்களை மலக்குகளாக்கிவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம்.

1991ஆம் ஆண்டு. நான் ஆறாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய வருடம் கிழக்கில் என்ன நடந்ததென்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் ஓடிய இரத்தம் காயாத காலம். எங்கள் ஊரில் ஆண்கள் இரவில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பெண்களும் பிள்ளைகளும் பல வீட்டார் ஒன்றாகச் சேர்ந்து ஒரு கல்வீட்டில் படுத்தோம். ஆற்றுக்கு அப்பால் உள்ள வட்டைகளுக்கு ஒருவரும் போகவில்லை. இப்பால் உள்ள வயல்களில் மட்டும் அந்த மாரிப் போகம் விளைந்தது.

அந்தப் போகம் வெட்டும் நாளையில்தான் பெரிய சேர் பாடசாலைக்குப் பின்னால் கிடந்த பற்றைக் காணியை அளக்கத் தொடங்கினார். இரண்டு ஏக்கர் சொச்சம். ஊரிலிருந்த போடியார் ஒருவருடையது. ஈச்சையும் நாகதாளியும் பற்றிக் கிடந்த நிலம். ஆடுகூட உள்ளே போகாது. பெரிய சேர் தும்புக் கயிறொன்றில் முழத்துக்கு முழம் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்தார். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். கால் முழுக்க முள். எதற்காக அளக்கிறோம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கணித பாடம் நடக்கவில்லை என்ற சந்தோசம்.

கையில் பணமில்லாத பாடசாலை. ஆகவே ஒவ்வொரு குடும்பமும் விளைச்சலில் ஏக்கருக்கு இரண்டு மரைக்கால் நெல் கொடுக்கவேண்டும், அதைச் சேர்த்து விற்றுக் காணியை வாங்கவேண்டும் என்பது அவருடைய யோசனை. ஊர் அதை விரும்பவில்லை. பள்ளிவாசலில் ஜும்ஆவுக்குப் பிறகு பேசிப் பார்த்தார். சிலர் எழுந்து போய்விட்டார்கள். கொடுப்பதென்றால் சுற்றுமதிலுக்குக் கொடுப்போம், அதுவாவது பாதுகாப்பு என்றார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. பின்பு அவர் வீடு வீடாக வரத் தொடங்கினார்.

எங்கள் வீட்டுக்கு வந்தது ஓர் அஸருக்குப் பிறகு. வாப்பா குத்தகைக்குச் செய்தது மூன்று ஏக்கர். ஆறு மரைக்கால் நெல் கொடுக்கவேண்டும்.

"நாளைக்கு நாம உசிரோட இரிப்பமா எண்டு தெரியா சேர். நீங்க காணி வாங்குற கத கதைக்கிறீங்க. இரிக்கிற பள்ளிக்கூடத்துக்கே புள்ளயள் ஒழுங்கா வாறல்ல."

பெரிய சேர் மறுமொழி சொல்லவில்லை. சேட்டுப் பொக்கட்டிலிருந்து மடித்து வைத்திருந்த கொப்பித் தாளை எடுத்து விரித்தார்.

"தம்பி, இஞ்ச பாருங்க. நம்மட ஊருல தொட்டில்ல கெடக்கிறது முப்பத்தெட்டு. நான் ஒவ்வொரு வீடாப் போய் எண்ணினது. மருத்துவிச்சிக்கிட்டயும் கேட்ட. தொண்ணூத்தியாறாம் ஆண்டு தை மாதம் முப்பத்தெட்டும் ஒண்டா வந்து நிக்கும். அதுக்கடுத்த வருசம் இன்னும் கூட. நான் எங்க இருத்துற, நீங்களே சொல்லுங்க."

வாப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் கணக்குத் தெரியும். முதலாளியின் கணக்கிலேயே பிழை பிடிப்பவர். அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய், மரைக்காலை எடுத்து, தானே ஆறு முறை அளந்து சாக்கில் கொட்டினார். உம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தா. அந்த வருடம் மரவள்ளிக் கிழங்கோடு முடிந்த இரவுகள் எத்தனையோ. வாப்பா இரண்டு மூன்று தடவை பெரிய சேரை ஏசினதும் எனக்கு ஞாபகம்.

காணி வாங்கப்பட்டது. உறுதியைத் தன் பெயரிலோ, பள்ளிவாசலின் பெயரிலோ எழுதாமல் பாடசாலைக்கென்றே எழுத வேண்டுமென்று அவர் ஒற்றைக்காலில் நின்றதாகச் சொல்வார்கள். அன்று எங்கள் பாடசாலையில் இருநூறு பிள்ளைகள்கூட இல்லை. இன்று அறுநூற்றுச் சொச்சம். அந்தப் பற்றைக் காணியில்தான் 2008இல் கட்டிய மாடிக் கட்டடம் நிற்கிறது. விளையாட்டுப் போட்டியும் அங்கேதான் நடக்கிறது. 1996 தை மாதத்தில் ஒன்றாம் ஆண்டுக்கு எத்தனை பிள்ளைகள் வந்தார்கள் என்று சேர்விடாப்பில் பின்பொருநாள் பார்த்தேன். நாற்பத்தொன்று. மூன்று பிள்ளைகள் பிழைத்திருக்கிறார். அவையும் வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள்.

தூரநோக்கு என்றதும் நாம் கனவு, இலட்சியம், ஒளிவிளக்கு என்றெல்லாம் பேசத் தொடங்கிவிடுகிறோம். நான் கண்ட தூரநோக்கு ஒரு கூட்டல் கணக்கு. இன்னும் வந்து சேராத பிள்ளையை வந்துவிட்டதாக வைத்து எண்ணுவது, அந்தப் பிள்ளைக்காக இன்று இருப்பவரிடம் நெல் கேட்கத் துணிவது. இரண்டாவதுதான் கஷ்டம்.

கலாசாலை நூலகத்தில் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸைப் பற்றி வாசித்தபோது இந்த எண்ணம் எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை, பரீட்சைக்காக வாசித்தேன். பின்னர் திரும்ப வாசித்தபோதுதான் அவருடைய வாழ்க்கையில் எதைப் பார்க்கவேண்டும் என்று விளங்கிற்று. யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்தார். யுத்த காலம், பர்மா ஜப்பானியரின் கைக்குப் போய், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுவிட்டது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகவே அவரை அனுப்பினார்கள். காடு வெட்டி வயலாக்கிய அந்தக் காலத்தைப் பற்றி என் மூத்தவாப்பா சொல்வார். 'அஸீஸ் தொர வரம்புல நடந்து வருவார்' என்பதுதான் அந்தக் கதையின் முதல் வரி.

நெல்லுக்காக வந்தவர் பிள்ளைகளையும் பார்த்தார். கல்முனையில் கல்விக்கென ஒரு சங்கம் அமைய முன்னின்றார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவாக அவரே காரணர். வறுமையால் படிப்பை விடவிருந்த மாணவர்களுக்காக ஏற்பட்ட நிதி அது. இதையெல்லாம் பதவியிலிருந்துகொண்டே செய்யலாம். செய்து பெயரும் வாங்கலாம். ஆனால் 1948இல் அவர் சிவில் சேவையை விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகப் போனார். அந்தக் காலத்தில் சிவில் சேவை என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். அரசாங்க அதிபராகவும் திணைக்களத் தலைவராகவும் உயரக்கூடிய ஏணி அது. அதில் ஏறிக்கொண்டிருந்தவர் இடையில் இறங்கிப் பள்ளிக்கூட வாத்தியார் ஆவதென்றால் வீட்டார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. பதின்மூன்று வருடம், 1961 வரை, அங்கே இருந்தார். தன் கணக்கில் தன்னுடைய நெல்லையே முதலில் அளந்து கொட்டியவர் என்று சொல்லலாம்.

அவருக்கும் முன்னால் அறிஞர் சித்திலெப்பை. கண்டியில் சட்டத்தரணி. 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அவரைப் பற்றிப் பேசுபவர்கள் 1892இல் மருதானையில் ஆரம்பித்த மத்ரஸாவைச் சொல்வார்கள்; எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த ஒராபி பாஷாவையும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய ஒப்பந்தகாரர் வாப்பிச்சி மரைக்காரையும் சேர்த்துச் சொல்வார்கள். அதுதான் பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1884. அந்த வருடம் கொழும்பு புதுச்சோனகத் தெருவில் அவர் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். ஆதரவில்லாமல் அது நின்றுபோனது. எட்டு வருடம் கழித்து மறுபடி தொடங்கினார்கள். 1898இல் அவர் மௌத்தானபோது அது ஒரு சின்னப் பாடசாலைதான். 1921இல் ரீ.பி. ஜாயா அதிபராக வந்த பிறகு வளர்ந்த வளர்ச்சியை அவர் காணவில்லை.

இன்னொருவரையும் சேர்க்கத் தோன்றுகிறது. சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இல்லாவிட்டால் குத்தகைக்காரனின் மகன் ஆசிரியனாகி இந்தக் கட்டுரையை எழுத முடியாது. இரண்டே வருடத்தில், 1947 தேர்தலில், மத்துகமத் தொகுதியில் அவரைத் தோற்கடித்தார்கள். வாப்பா பெரிய சேரை ஏசியதை நினைத்துக்கொள்கிறேன்.

இனி நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

பெரிய சேர் 2009இல் மௌத்தானார். அடுத்த வருடம் அவருடைய மகன் ஒரு பெட்டி நிறையக் கொப்பிகளைக் கொண்டுவந்து, "பள்ளிக்கூடத்துக்கு உதவுமெண்டா வெச்சுக்கோங்க" என்று என்னிடம் தந்தார். நான் அதை அலுமாரிக்கு மேலே வைத்தேன். பத்து வருடம் அது அங்கேயே இருந்தது. 2020இல் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டு வீட்டில் இருந்தபோதுதான் இறக்கித் தூசு தட்டினேன். எல்லாம் சீ.ஆர். கொப்பிகள். வருட வருடமாக வீட்டுக் கணக்கு. ஒரு பக்கத்தில் வீட்டுக்காரரின் பெயர், பிள்ளைகளின் வயது. மறுபக்கத்தில் எந்த வருடம் எந்த வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற மதிப்பீடு. ஆண் ஒரு நிரல், பெண் ஒரு நிரல். எவ்வளவு அழகான எழுத்து! கந்தோரில் நாங்கள் கணினியில் செய்து அனுப்பும் படிவங்கள் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஒன்றாம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டு வரை இரண்டு நிரலும் ஏறக்குறைய சமம். எட்டாம் ஆண்டில் பெண் நிரல் மெலிகிறது. ஒன்பதாம் ஆண்டில் ஆண் பதினேழு, பெண் மூன்று. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'பெண் நிற்கும்' என்று எழுதியிருந்தார். படிப்பை நிறுத்திவிடும் என்று அர்த்தம். இது நடந்து முடிந்ததன் பதிவல்ல. வரப்போகும் வருடங்களுக்கு அவர் முன்கூட்டியே போட்ட கணக்கு. விதை நெல்லைக் கழிப்பதுபோல் பெண்பிள்ளைகளைக் கழித்துவிட்டுத்தான் வகுப்பறைகளை எண்ணியிருக்கிறார்.

1988 கொப்பியில் எங்கள் வீட்டைத் தேடினேன். ராத்தாவின் வயதுக்கு நேரே பதின்மூன்று. மறுபக்கத்தில், 1990இல் ஒன்பதாம் ஆண்டுக்குரிய இடத்தில், அந்த மூன்று பேரில் அவ இல்லை.

ராத்தா வகுப்பில் முதலாம் பிள்ளை. எனக்கு நெடும்பிரித்தல் சொல்லித் தந்தவ அவதான், அடுக்களைத் தரையில் கரித்துண்டால். அப்போது எங்கள் பாடசாலை எட்டாம் ஆண்டு வரைதான். மேலே படிப்பதென்றால் நான்கு கட்டை தூரம் பஸ்ஸில் பட்டணத்துக்குப் போகவேண்டும். பையன்கள் போனார்கள். ராத்தா 1989 மார்கழியில் கொப்பிகளைக் கட்டிப் பரண்மேல் வைத்தா. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வாப்பா சொன்னார், உம்மா சம்மதித்தா, ஊர் அப்படித்தான். ஆனால் அவவை முதலாம் பிள்ளை என்று மேடையில் கூப்பிட்டுப் பரிசு கொடுத்த பெரிய சேராவது ஒருநாள் அஸருக்குப் பிறகு சைக்கிளில் வந்திருக்கலாம். நெல் கேட்கத் தெரிந்த மனிதருக்குப் பிள்ளையைக் கேட்கத் தெரியவில்லை. கேட்டிருந்தால் வாப்பா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டாவது சம்மதித்திருப்பார் என்று என் மனம் சொல்கிறது.

காலம் அப்படி என்று சொல்வார்கள். நானும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கியவர் சித்திலெப்பை; அது பத்தொன்பதாம் நூற்றாண்டு. பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி ஏற்பட்டது 1946இல். எங்கள் ஊரின் 1988க்கு அவையெல்லாம் எவ்வளவோ முந்தியவை. காலத்தின்மேல் முழுப் பழியையும் போட என்னால் முடியவில்லை. முப்பது வருடத்துக்கு அப்பால் நிற்கப்போகும் மாடிக் கட்டடத்தைக் கண்ட கண், முன்வாங்கில் இருந்த பிள்ளையைக் காணவில்லை. அன்று இரவு அந்தக் கொப்பியை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் முற்றத்தில் இருந்தேன். அவர்மேல் கோபம் வந்தது. மரியாதை குறையவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று அன்றுதான் அறிந்தேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி என்ற கேள்வி அடுத்ததாக வந்தது.

அதற்கு இரண்டு வருடம் முந்தி, 2018இல், எங்கள் பாடசாலையின் வைரவிழா. கத்தாரிலும் சவூதியிலும் தொழில் செய்யும் பழைய மாணவர்கள் சேர்த்தனுப்பிய பணம் பன்னிரண்டு இலட்சம் இருந்தது. என்ன செய்வதென்று தீர்மானிக்கக் கூட்டம் கூடியது. முந்திய வருடம் அரசாங்கம் பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தது. சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையை விட்டுப் போகாமல், தொழிற்பாடங்களைப் படித்துக்கொண்டு மேலும் இரண்டு வருடம் இருக்கலாம். எங்கள் ஊருக்கு இப்படியொன்று தேவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு விண்ணப்பிப்பதென்றால் ஒரு பட்டறைக் கொட்டிலாவது இருந்தால் நல்லது. பற்றைக் காணியின் மேற்கு மூலையில் இடமும் இருந்தது. எவ்வளவு செலவாகும் என்று ஒரு மேசனிடம் கேட்டு, தாளில் எழுதி, பொக்கட்டில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் முதலாவதாக எழுந்தவர் நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டவேண்டும் என்றார். அடுத்த ஊர்ப் பாடசாலையில் இருக்கிறது, நமக்கில்லை என்றார். கைதட்டினார்கள். பணம் அனுப்பியவர்களும் அதையே விரும்புவதாக ஒருவர் சொன்னார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. பொக்கட்டிலிருந்த தாளை எடுக்காமலே, 'வளைவு அமைப்பதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதினேன். எழுந்து பேசியிருந்தால் தோற்றிருப்பேன் என்பது உண்மைதான். ஆனால் ஏகமனதாக என்ற சொல்லை எழுத வேண்டி வந்திருக்காது.

வளைவு கட்டி முடிந்தது. மாபிள் பதித்து, இரண்டு பக்கமும் தூண் வைத்து, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதன் நெற்றியில் என்ன எழுதுவதென்று கேட்டார்கள். தூரநோக்கையே எழுதலாமே என்று யாரோ சொல்ல, என் வசனம் பொன்னிற எழுத்தில் அங்கேயும் ஏறிவிட்டது.

இப்போது எங்கள் பாடசாலையில் உயர்தரக் கலைப்பிரிவு இருக்கிறது. சென்ற வருடம் அந்த வகுப்பில் பெண்பிள்ளைகள் இருபத்துமூன்று பேர். பையன்கள் ஐந்து பேர். பெரிய சேரின் கொப்பி தலைகீழாகிவிட்டது. பெண்கள் படிக்கிறார்கள், பல்கலைக்கழகம் போகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். பையன்கள் பத்தாம் ஆண்டிலிருந்தே கரைகிறார்கள். ஒருவன் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான், இன்னொருவன் மாபிள் பதிக்கப் போகிறான், மற்றவன் மணல் ஏற்றும் உழவு இயந்திரத்தில் தொங்குகிறான். 2022இல் நாடு விழுந்த பிறகு பாஸ்போட் எடுக்க ஓடியவர்களில் என்னுடைய பதினொராம் ஆண்டுப் பையன்களும் இருந்தார்கள். ஆசிரியர் அறையில் இதைப்பற்றிப் பேச்சு வரும்போது, 'இந்தக் காலத்துப் பொடியன்மார் அப்படித்தான்' என்று தேநீரோடு முடித்துவிடுகிறோம். நானும் முடித்திருக்கிறேன். 'பெண் நிற்கும்' என்று எழுதியவரைவிட நாம் எந்த விதத்தில் மேல்?

இந்த வருடம் நோன்பு முடிந்த கையோடு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். கந்தோரில் பிள்ளைகளின் விபரம் இருக்கிறதே, வீடு வீடாகப் போவானேன் என்று அதிபர் கேட்டார். கந்தோரில் இருப்பது வந்த பிள்ளைகளின் விபரம். வராத பிள்ளையும், வந்து நின்றுபோன பிள்ளையும் வீட்டில்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் வீட்டில் அதன் கதையாவது இருக்கிறது. அஸருக்குப் பிறகு போகிறேன். சைக்கிளில்லை, மோட்டார் சைக்கிள். சில வீடுகளில் தேநீர் தருகிறார்கள். சில வீடுகளில் தேர்தல் கணக்கோ என்று பயப்படுகிறார்கள். அறுபது வீடு முடிந்துவிட்டது. பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட பையன்களின் பெயருக்கு நேரே, என்ன செய்கிறான், எந்த வகுப்போடு நின்றான், என்ன தொழில் படித்தால் இருப்பான் என்று மூன்று நிரல். மூன்றாவது நிரலில் உம்மாமார் சொல்வதும் பையன்கள் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகவே இரண்டையும் எழுதுகிறேன்.

போன கிழமை ராத்தாவின் வீடு. மூத்த மகள் ஆசிரியை. இரண்டாவது மகன் மூன்று வருடமாகக் கத்தாரில். கடைக்குட்டி பத்தாம் ஆண்டு, என்னுடைய மாணவன். நான் போனபோது அவன் இல்லை. ராத்தா பாயில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தா. கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தா. எட்டாம் ஆண்டோடு நின்றவ என்று அவவின் வாசிப்பைக் கண்டவர் சொல்லமாட்டார்.

"எங்கட ஒழுங்கையில பின்வீட்ட உட்டுட்டாய் தம்பி. அங்க ரெண்டு பொடியன். மூத்தவன் கராச்சில நிக்கான். எட்டோட நிண்டவன்."

எழுதினேன்.

"இவனும் ஓஎல் எழுதின கையோட காக்காக்கிட்ட போறெண்டுதான் நிக்கான். நான் சொல்லிக் கேக்கானில்ல. உனக்கிட்டயாவது படிக்கிற எண்டு சொல்றானா?"

"வகுப்புல ஒண்டும் சொல்றதில்ல ராத்தா."

"வகுப்புல சொல்லமாட்டான். ராவைக்கு வா. சோறு தின்னக்குள்ள கேளு."

இஷாத் தொழுதுவிட்டு வருவதாகச் சொன்னேன். அவனுடைய பெயருக்கு நேரே மூன்றாவது நிரலை வெறுமையாக விட்டுவிட்டுப் பின்வீட்டுக்குப் போனேன். மேசன் எழுதித் தந்த பழைய கணக்குத் தாள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. விலைகளெல்லாம் இரண்டு மூன்று மடங்காகிவிட்டன. புதுக் கணக்கு எடுக்கவேண்டும். அடுத்த கூட்டம் புரட்டாதியில்.